சர்ச் நடத்தும் கிண்டர்கார்ட்டனில் மகளைச் சேர்த்தோம்: எங்கள் அனுபவமும் ஒரு கேள்வியும்

நெக்கர்க்கரை
நவம்பர் 13, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வந்து இரண்டரை வருடம் ஆகிறது. மகளுக்கு இப்போது மூன்றே முக்கால் வயது. கீட்டாவில், அதாவது பள்ளி சேரும் வயதுக்கு முன் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், இடம் தேடிய கதையை ஜெர்மனியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு இடத்துக்கு விண்ணப்பித்தோம். எட்டு மாதம் காத்திருந்த பிறகு ஒரே ஓர் இடத்திலிருந்து கடிதம் வந்தது. அது எங்கள் ஊர் புராட்டஸ்டண்ட் சர்ச் நடத்தும் கிண்டர்கார்ட்டன். அந்தக் கடிதத்தைப் பார்த்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

நாங்கள் சைவக் குடும்பம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. சேர்க்கும் நாளில் படிவத்தில் "இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தோம். (ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.) தலைமை ஆசிரியை நன்றாகவே பேசினார். மதம் பற்றி அவரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இடம் கிடைத்ததே பெரிது, இதில் போய் என்ன பேசுவது என்று இருந்துவிட்டோம்.

முதல் மூன்று வாரம் பழக்கும் காலம். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் பத்து நிமிடம் வெளியே போய் வருவது, அப்புறம் அரை மணி நேரம். உண்மையிலேயே பொறுமையாகச் செய்தார்கள். அழுத பிள்ளையை ஒரு தடவைகூட என் கையிலிருந்து பிடுங்கி வாங்கவில்லை. நம் ஊரில் சின்ன வயதில் பள்ளி கேட்டருகே நின்று நான் அழுததையும் என் அம்மா திரும்பிப் பார்க்காமல் போனதையும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் மகள் சாப்பாட்டுக்கு முன் கை கூப்பி ஜெர்மனில் ஒரு பாட்டுப் பாட ஆரம்பித்தாள். எனக்கு அழகாகத்தான் இருந்தது. வீடியோ அழைப்பில் மாமியார் பார்த்துவிட்டார்கள். முகம் மாறிவிட்டது. "இதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனீங்களா?" என்று கேட்டார்கள். கணவரும் அன்றிலிருந்து கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறார்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். என்னை உறுத்துவது வேறு இரண்டு விஷயம்.

ஒன்று, போன மாதம் மகளைக் கூப்பிடப் போனபோது வேறொரு குழந்தையின் பிறந்தநாள். மகள் கையில் பாதி தின்ற சாசேஜ் இருந்தது. உதவிக்கு வந்திருந்த பெண்ணிடம் கேட்டேன். "அவளுக்குப் பிடித்திருந்தது, கேட்டுச் சாப்பிட்டாள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். கணவரிடம் மூன்று நாள் சொல்லவில்லை.

இரண்டாவது இந்த வாரம். புனித மார்ட்டின் திருநாளுக்குப் பிள்ளைகள் விளக்கு ஏந்திப் போகும் ஊர்வலம் முடிந்து, தானே செய்த காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், பூஜை அலமாரி முன் நின்று, "அம்மா, நம்ம பிள்ளையார் நிஜ சாமி இல்லையாமே?" என்று கேட்டாள். யார் சொன்னார்கள் என்றால் பதில் இல்லை.

அடுத்த வாரம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வளர்ச்சி உரையாடல் இருக்கிறது. முக்கால் மணி நேரம், ஆசிரியையும் பெற்றோரும் மட்டும். அங்கே என்ன பேசுவது, எப்படிப் பேசுவது? சர்ச்சில் போய்ச் சேர்த்துவிட்டு ஜெபம் செய்யாதே என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? இடத்தை மாற்றிவிடுவதுதான் நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வடக்கு பெர்லின் அப்பா
நவம்பர் 13, இரவு 11:25

மாற்றிவிடுங்கள். அவ்வளவுதான். இங்கே பெர்லினில் 2018 ஆகஸ்டிலிருந்து பள்ளி சேரும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கு ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். சர்ச் சம்பந்தமில்லாத கீட்டாக்கள் நிறைய உண்டு. படிவத்தில் எழுதிக் கொடுத்த பிறகும் குழந்தைக்கு இறைச்சி கொடுக்கிறார்கள் என்றால் அதில் பேச என்ன இருக்கிறது?


நெக்கர்க்கரை
நவம்பர் 13, இரவு 11:41

பெர்லின் வேறு, எங்கள் ஊர் வேறு சார். இங்கே மொத்தமே நான்கு கிண்டர்கார்ட்டன். இரண்டு புராட்டஸ்டண்ட், ஒன்று கத்தோலிக்கம், ஒன்று நகராட்சி. நகராட்சியில் காத்திருப்புப் பட்டியல் ஒரு வருடம். கட்டணமும் இங்கே உண்டு. வீட்டில் 18 வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துப் போடுவார்கள். எங்களுக்கு ஒரே பிள்ளை என்பதால் கூடுதல்தான்.


ஹம் அம்மம்மா
நவம்பர் 14, காலை 7:10

பிள்ளை, உங்கட கடிதத்தை வாசிச்சு எனக்கு முப்பது வருசம் பின்னுக்குப் போன மாதிரி இருந்தது.

நாங்கள் 80களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில இருந்து அகதியாக வந்தனாங்கள். அந்த நேரம் கிண்டர்கார்ட்டன் இடம் எண்டது ஒரு உரிமையே இல்லை. மூண்டு வயதுப் பிள்ளைக்கு இடம் குடுக்க வேணும் எண்ட சட்டம் 1996இல தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு வயதில இருந்து எண்டது 2013 ஆகஸ்ட். எங்களுக்கு ஒருத்தரும் கடமைப்பட்டிருக்கேல்லை. அப்ப எங்கட மூத்தவனை எடுத்தது ஒரு கத்தோலிக்கக் கிண்டர்கார்ட்டன். அங்க இருந்த வயசான சிஸ்டர் தான் எனக்கே முதல் ஜெர்மன் சொல்லுகளைச் சொல்லித் தந்தவ. பிள்ளையை விடப் போற நேரம் பத்து நிமிசம் பிடிச்சு வைச்சு அரிசி, மா, சீனி எண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தருவா.

நாங்கள் சைவம். வீட்டில திருநீறு, தேவாரம் எல்லாம் இருந்தது. பிள்ளை அங்க சிலுவை போட்டான், இஞ்ச திருநீறு பூசினான். இப்ப அவனுக்கு முப்பத்தாறு வயது. 2002இல இஞ்ச ஹம் நகரில காமாட்சி அம்பாள் கோவில் குடமுழுக்கு நடந்த நேரம் சின்னப் பெடியனா ஓடியோடித் தண்ணி குடுத்தவன். இப்பவும் தேருக்கு வருவான். ஆகஸ்டில கேவலார் மாதா கோவிலுக்குத் தமிழாக்கள் போறதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க போய்ப் பாருங்கோ, மெழுகுதிரி கொழுத்துற சனத்தில எத்தனை சைவக்காரர் எண்டு. ஊரில மடு மாதாவிட்டப் போன பழக்கம்.

அதால ஜெபத்துக்குப் பயப்பிடாதேங்கோ. ஆனா சொசேஜ் கதை வேற. அதுக்கு நீங்கள் கட்டாயம் கதைக்க வேணும். நான் அந்தக் காலத்தில கதைக்கேல்லை. எனக்கு மொழியும் இல்லை, விசாவும் இல்லை. உங்களுக்கு இரண்டும் இருக்கு.


குழந்தைகள் அறை
நவம்பர் 14, மாலை 6:55

நான் இங்கே மூன்று வருடம் பயிற்சி முடித்து ஒன்பது வருடமாகக் கிண்டர்கார்ட்டன் ஆசிரியையாக இருக்கிறேன். முதலில் நகராட்சியில், இப்போது ஒரு புராட்டஸ்டண்ட் கீட்டாவில். நான் இந்து. முன்பெல்லாம் இந்த வேலைக்கு சர்ச் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். இப்போது நிறையத் தளர்ந்துவிட்டது. உள்ளே இருந்து பார்ப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உரிமை பற்றி. இந்த நாட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை சர்ச், தொண்டு அமைப்புகள் போன்றவை செய்ய முன்வந்தால் அரசு தானே நடத்தாமல் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. அதனால்தான் உங்கள் ஊரில் நான்கில் மூன்று சர்ச் கையில் இருக்கிறது. ஆனால் பணம்? பெரும்பகுதி வரிப்பணமும் பெற்றோர் கட்டும் கட்டணமும்தான். சர்ச் போடுவது ஒரு சிறு பங்கு. நீங்கள் யாருடைய தயவிலும் அங்கே இல்லை, தோழி. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டு அந்த அறைக்குள் போங்கள்.

அடுத்து, ஜெபம். சர்ச் நடத்தும் இடத்தில் சாப்பாட்டுப் பாட்டும் பைபிள் கதையும் இருக்கும், அதை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் குழந்தை வாய் திறந்து பாட வேண்டும், கை கூப்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிள்ளையின் மதம் எது என்று தீர்மானிப்பது பெற்றோர்தான். 1921இல் வந்த சட்டம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. 14 வயதானால் பிள்ளையே முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. நகராட்சிக்கு மாற்றினால் மதமே இருக்காது என்று நினைக்காதீர்கள். உங்கள் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தின் கிண்டர்கார்ட்டன் கல்வித் திட்டத்தில் "வாழ்வின் பொருள், விழுமியம், மதம்" என்று ஒரு பகுதியே உண்டு. மார்ட்டின் விளக்கு ஊர்வலமும் டிசம்பர் 6இல் வரும் புனித நிக்கோலாஸ் நாளும் பெரும்பாலான இடங்களில் நடக்கும்.

இப்போது "நிஜ சாமி இல்லை" பற்றி. என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது தடவை இதைச் சொல்வது இன்னொரு குழந்தை. நான்கு வயதில் பிள்ளைகள் இப்படித்தான் உலகத்தை அடுக்குகிறார்கள். எங்கள் வீட்டுக் கார் நிஜக் கார், உங்கள் வீட்டுக் கார் நிஜம் இல்லை என்றுகூடச் சண்டை போடுவார்கள். ஆசிரியை சொல்லியிருந்தால் அது வேறு விஷயம், பெரிய விஷயம். அதனால் அங்கே போய்க் குற்றம் சாட்டாமல், "என் மகள் இப்படிக் கேட்டாள், அங்கே என்ன பேச்சு நடந்தது?" என்று கேளுங்கள். பதிலைவிட அவர் முகத்தைக் கவனியுங்கள்.

சாசேஜ் விஷயம் அவர்கள் தப்பு. அதைப் பூசி மெழுகாதீர்கள். "அவளுக்குப் பிடித்திருந்தது" என்பது ஒரு பதிலே இல்லை. கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளையாக இருந்தால் அப்படிச் சொல்வார்களா? உதவிக்கு வருபவர்கள் படிவத்தைப் பார்ப்பதே இல்லை, அதுதான் நடைமுறை. சமையலறைக் கதவில் படத்தோடு ஒரு பட்டியல் ஒட்டச் சொல்லுங்கள். அது ஒட்டாத வரை எந்த உறுதிமொழியும் காகிதத்தோடு சரி.

கடைசியாக, கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்த உரையாடலில் "வீட்டில் ஜெர்மன் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வீட்டில் தமிழே பேசுங்கள், முழு வாக்கியமாக, கதையாக. தாய்மொழி உறுதியாக உள்ள பிள்ளைக்குத்தான் ஜெர்மன் சீக்கிரம் பிடிபடும். முதல் சில மாதங்கள் வாயே திறக்காமல் இருப்பதும் இயல்புதான், அந்த நேரத்தில் அது கேட்டுக்கொண்டிருக்கிறது.


மைன் நதி
நவம்பர் 14, இரவு 9:30

மேலே எழுதியவர் நல்லபடியாக எழுதியிருக்கிறார். ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் மகனை ஒரு சுதந்திரச் சபை நடத்தும் கீட்டாவில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். பெரிய சர்ச்சோடு சேராத, ஆட்கள் குறைவான, ரொம்ப ஈடுபாடான சபை. கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருநாள் மகனுக்குக் காய்ச்சல். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு ஆசிரியைகள் அவன் தலையில் கை வைத்து ஜெபம் செய்திருக்கிறார்கள். நான் வந்ததும் அவர்களே மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பிறகு சபையின் ஞாயிறு வகுப்புக்கு அழைப்பு, பிறகு எங்களுக்கே ஒரு வேதாகமம், அதுவும் தமிழில், எங்கிருந்தோ தேடி வாங்கி. மறுக்க மறுக்க அன்பு கூடிக்கொண்டே போனது. என் மனைவிக்கு மூச்சு முட்டிவிட்டது. ஏழு மாதத்தில் விலகினோம்.

விலகிய பிறகுதான் அந்த இடத்தின் கொள்கை ஆவணத்தைப் படித்தேன். ஒவ்வொரு கீட்டாவும் அனுமதி வாங்க அப்படி ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டும். இணையதளத்திலேயே இருந்தது. குழந்தைகளை இயேசுவிடம் கொண்டுவருவதே எங்கள் நோக்கம் என்று அதில் நேராகவே எழுதியிருந்தார்கள். அவர்கள் ஒளிக்கவில்லை. நான்தான் படிக்கவில்லை. இழையைத் தொடங்கியவர் அந்த ஆவணத்தை எடுத்து முதலில் படிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.


பொறையார் பையன்
நவம்பர் 15, காலை 11:05

நான் கிறிஸ்தவன், லுத்தரன். சொந்த ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய கடற்கரை எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரம். அவர் ஹாலே நகரத்தில் படித்தவர். இப்போது நான் அந்த ஹாலேயில் வேலை பார்க்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் இங்கே சர்ச் கீட்டாவில்தான்.

எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு பேச்சு வந்தது, வேறு திசையிலிருந்து. இங்கே கிழக்கு ஜெர்மனியில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் சிறுபான்மை. என் மகள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் எந்த மதமும் கிடையாது. இடம் பக்கம் என்று சேர்த்தவர்கள்தான். அவள் வீட்டுக்கு வந்து, "அப்பா, இயேசு கதைதானாமே?" என்று கேட்டாள். சர்ச் நடத்தும் கிண்டர்கார்ட்டனில்! அதனால் நெக்கர்க்கரை அக்காவின் மகள் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் அன்று செய்தது ஒன்றுதான். "அப்பா நம்புகிறேன், அந்தப் பையன் வீட்டில் நம்பவில்லை" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். நம் ஊரில் எத்தனை இந்துப் பிள்ளைகள் ஆர்.சி. பள்ளியிலும் கான்வென்ட்டிலும் படித்திருக்கிறார்கள்! அக்காவின் மாமியார் எங்கே படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்களேன்.


நெக்கர்க்கரை
நவம்பர் 15, பகல் 1:20

பொறையார் தம்பி, எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று தெரியவில்லை. மாமியார் எட்டாம் வகுப்பு வரை படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில்தான். தினமும் காலையில் ஜெபம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டேன். "அது வேற. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தெரு முழுக்க நம்ம கோயில் மணி கேட்கும். இவளுக்கு அங்க என்ன கேட்குது?" என்றார்கள்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றே படுகிறது.


மைன் நதி
நவம்பர் 15, மாலை 5:48

உங்கள் மாமியார் சொன்னதுதான் இந்த இழையிலேயே சரியான பேச்சு. நம் ஊரில் பெரும்பான்மைக்கு நடுவில் ஒரு சர்ச் பள்ளி. இங்கே பெரும்பான்மையின் சர்ச், நடுவில் நம் பிள்ளை தனியாக. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.


பொறையார் பையன்
நவம்பர் 15, இரவு 8:15

ஒப்புக்கொள்கிறேன் நண்பரே. நான் அதை யோசிக்கவில்லை. ஹாலேயில் நான் எந்தப் பக்கம் நின்றாலும் சிறுபான்மை என்பதால் அப்படி எழுதிவிட்டேன்.

ஆனால் உங்களுக்கு நடந்ததை வைத்து ஊர்ச் சர்ச்சையும் எடைபோட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ச் சர்ச்சுகள் சேர்ந்திருக்கும் பெரிய அமைப்புகளான மாநிலச் சர்ச்சுகளின் கீட்டாக்களில் வருகிறவர்களை மதம் மாற்றும் எண்ணம் நான் பார்த்தவரை இல்லை. முஸ்லிம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பன்றி இறைச்சியையே விட்டுவிட்ட இடங்கள் உண்டு.


குழந்தைகள் அறை
நவம்பர் 15, இரவு 10:02

கேட்பாரில்லாத ஒரு பழைய கதை, ஆனால் இங்கே பொருந்தும். கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃப்ரோபெல் ஒரு போதகரின் மகன். 1837இல் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் தொடங்கி, 1840இல் அந்தப் பெயரை வைத்தார். பதினோரு வருடம் கழித்து பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களுக்கே தடை போட்டது. காரணம், பிள்ளைகளுக்கு நாத்திகம் சொல்லித் தருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு! 1860 வரை அந்தத் தடை இருந்தது. ஃப்ரோபெல் அது நீங்குவதைப் பார்க்காமலே 1852இல் இறந்துவிட்டார். நான்கு வயதுப் பிள்ளையிடம் கடவுளைப் பற்றி யார் பேசலாம் என்ற சண்டை கிண்டர்கார்ட்டன் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. பயிற்சியில் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நெக்கர்க்கரை, கொள்கை ஆவணத்தைப் படித்துவிட்டீர்களா?


நெக்கர்க்கரை
நவம்பர் 16, காலை 9:30

படித்தேன் அக்கா. முப்பத்திரண்டு பக்கம். கணவரும் நானும் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு படித்தோம். "எல்லா மதத்துக் குழந்தைகளும் தங்கள் நம்பிக்கையோடு இங்கே வரலாம்" என்று இருக்கிறது. மதம் மாற்றுவது பற்றி எதுவும் இல்லை. வீட்டில் கொண்டாடும் பண்டிகைகளைப் பெற்றோர் ஆசிரியைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. நாங்கள் ஒரு வருடமாக எதுவும் சொல்லவில்லை. தீபாவளிக்கு விடுப்பு எடுத்தபோதுகூட "குடும்ப நிகழ்ச்சி" என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.


ஹம் அம்மம்மா
நவம்பர் 16, பகல் 12:15

தீபாவளி எண்டு எழுத ஏன் பயம் பிள்ளை?


நெக்கர்க்கரை
நவம்பர் 16, பகல் 12:40

தெரியவில்லை அம்மா. இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு பயம் அடிமனதில் இருந்திருக்கிறது. எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது.


நெக்கர்க்கரை
நவம்பர் 21, இரவு 11:10

நேற்று உரையாடல் முடிந்தது. முக்கால் மணி என்றது ஒன்றேகால் மணி நேரம் போனது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் அரை மணி மகளைப் பற்றி. ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் அவள் வரைந்தது, ஒட்டியது, முதன்முதலாகச் சொன்ன ஜெர்மன் வாக்கியம், அது எந்தத் தேதி என்பது வரைக்கும் இருக்கிறது. அவள் சொன்ன முதல் வாக்கியம், அழுதுகொண்டிருந்த ஒரு பையனிடம் "உன் அம்மா வருவாள்" என்பது. அதைப் படித்ததும் நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு கொஞ்சம் ஆடிவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

சாசேஜை முதலில் எடுத்தேன். குழந்தைகள் அறை அக்கா சொன்னபடி பூசி மெழுகாமல், "இது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் இறைச்சி தொட்டதில்லை. நான் அன்று அழுதேன்" என்று சொன்னேன். ஆசிரியைக்கு அந்தச் சம்பவமே தெரியாது. முகம் வெளுத்துவிட்டது. உதவிக்கு வந்த பெண் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. "நீங்கள் அன்று ஒன்றும் சொல்லாமல் போனதால் எல்லாம் சரி என்று அவர் நினைத்திருப்பார்" என்றார். மன்னிப்புக் கேட்டார். இன்று காலையில் போனபோது சமையலறைக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. நான்கு பிள்ளைகளின் படம், அதில் மகளும் ஒருத்தி. ஜெலட்டின் என்பது தனி வரியில்.

பிள்ளையார் விஷயத்துக்குக் கணவர் பேசினார். ஆசிரியை ஒளிக்கவில்லை. கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு பையன் அப்படிச் சொன்னதைத் தானும் கேட்டதாகவும், "ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி வணங்குவார்கள்" என்று அப்போதே சொன்னதாகவும் சொன்னார். ஆனால் அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரை வணங்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. "துருக்கிக் குடும்பங்கள் நோன்பு பற்றி வந்து சொல்வார்கள், நீங்கள் எதுவும் சொன்னதில்லை, கேட்டால் தப்பாக நினைப்பீர்களோ என்று நானும் கேட்கவில்லை" என்றார். ஒரு வருடம் இரண்டு பக்கமும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு, நடுவில் பிள்ளை மட்டும் தனியாகக் கேள்வியைச் சுமந்திருக்கிறாள்.

ஜெபம் பற்றியும் கேட்டோம். மகள் உட்கார்ந்திருந்தால் போதும், பாட வேண்டியதில்லை, கை கூப்ப வேண்டியதில்லை என்று சொன்னார். இன்று மகளிடம் இதைச் சொன்னேன். "எனக்குப் பாடப் பிடிக்கும்" என்றாள். அதற்கு என்ன செய்வது?

காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரத்தில் எங்கள் வீட்டு விளக்கைக் கொண்டுவந்து காட்டலாமே, கார்த்திகை தீபம் பற்றிச் சொல்லலாமே என்று ஆசிரியை கேட்டார். எனக்கு ஆசைதான். கணவருக்குச் சம்மதம் இல்லை. பூஜையில் இருக்கும் விளக்கை வேடிக்கைப் பொருளாக எடுத்துப்போகக் கூடாது என்கிறார். கடைசியில் கடையில் புதிதாக அகல் வாங்கி, பிள்ளைகள் கையாலேயே வண்ணம் தீட்டச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். டிசம்பர் முதல் வாரம் நான் போகிறேன். அங்கே அப்போது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத்துக்கான அட்வென்ட் வளையம் வைத்து வாரம் ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டிருப்பார்கள். 1839இல் ஹம்பர்க்கில் விஹெர்ன் என்ற போதகர், "கிறிஸ்துமஸ் எப்போது?" என்று நச்சரித்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நாள் எண்ணிக் காட்ட ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி நட்டுத் தொடங்கியதாம். ஆசிரியைதான் சொன்னார். பக்கத்தில் எங்கள் அகல் இருக்கட்டும்.

இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சர்ச்சில் குழந்தைகள் இயேசு பிறப்பு நாடகம் போடுவார்கள். மகளுக்கு ஆடு வேஷம் வேண்டுமாம். விருப்பம் இருந்தால் மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவர் இன்னும் யோசிக்கிறார். மாமியாரிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை மூன்று நாளுக்கு மேல் தள்ளிப்போட மாட்டேன்.


மைன் நதி
நவம்பர் 22, காலை 8:20

நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. உங்கள் ஆசிரியை மாதிரி ஒருவர் கிடைத்திருந்தால் நாங்களும் இருந்திருப்போமோ என்னவோ. நாங்களும் முதல் நாளே "ஜெபம் வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. வேதாகமத்தைக்கூட நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நாடகம் பற்றி என் கருத்து, ஆடு வரைக்கும் சரி. ஆனால் முடிவு உங்கள் இருவருடையது.


கொலோன் புது அம்மா
நவம்பர் 22, பகல் 2:05

இழை முழுவதும் படித்தேன். என் பையனுக்கு ஜனவரியில் கத்தோலிக்கக் கீட்டாவில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்களும் சைவம். ஒரே ஒரு கேள்வி. மற்ற பிள்ளைகளின் பிறந்தநாளில் ஜெலட்டின் போட்ட ஜெல்லி மிட்டாய் கொடுக்கும்போது நம் பிள்ளை மட்டும் ஏமாந்து நிற்குமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?


நெக்கர்க்கரை
நவம்பர் 22, மாலை 4:30

வாழ்த்துகள் தோழி. தட்டம்மைத் தடுப்பூசிச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சிலிருந்து அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள்.

மிட்டாய்க்கு நான் இன்றுதான் ஒரு வழி செய்தேன். ஜெலட்டினுக்குப் பதில் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் போட்ட மிட்டாய் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது. பாக்கெட்டில் பச்சை நிற வி முத்திரை இருக்கும், பார்த்து வாங்குங்கள். ஒரு டப்பா நிறையப் போட்டு, மேலே மகள் பெயரும் ஒரு யானைப் படமும் ஒட்டி, ஆசிரியையின் அலமாரியில் கொடுத்து வைத்துவிட்டேன். பிறந்தநாள் வந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார். காலியாக இரண்டு நாள் இருக்கும்போதே சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.


கொலோன் புது அம்மா
நவம்பர் 22, மாலை 4:52

யானைப் படம் நல்ல யோசனை. சாப்பாடு பற்றிப் படிவத்தில் எழுதினால் போதுமா, நேரிலும் சொல்ல வேண்டுமா?


குழந்தைகள் அறை
நவம்பர் 22, மாலை 6:18

நேரில் சொல்லுங்கள். முதல் நாளே. உதவிக்கு வருபவர் யார் என்று கேட்டு அவரிடமும் சொல்லுங்கள்.